பரலோக மந்திரமா, பரமண்டல ஜெபமா?

2025 ஜனவரி 19, ஞாயிறு இரவு

ஆம்பூர் வாசகர் ஒருவர் கேட்டது: “கிறிஸ்தவனுக்குள்ளேயே எத்தனை சபை என்று எண்ணி முடியாது. ஒருத்தர் திருவிருந்தில் இன்னொருத்தர் கை நனைக்க முடியாது. இந்த லட்சணத்தில் கத்தோலிக்கர் முஸ்லிமோடும் இந்துவோடும் உரையாடக் கிளம்பியது எதற்கு? வீட்டுச் சண்டையைத் தீர்த்துவிட்டு ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகலாமே?”

நான் வேலூரில் அச்சகம் வைத்திருக்கும் கத்தோலிக்கன். மனைவி சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. என் கடையில் கட்டிங் மெஷினில் இருபது வருடமாக நிற்பவர் ஒரு பாய். திருவிழா நோட்டீஸ், அறுப்பின் பண்டிகை அழைப்பிதழ், கன்வென்ஷன் போஸ்டர், கும்பாபிஷேகப் பத்திரிகை, நிக்காஹ் கார்டு எல்லாம் ஒரே மெஷினில்தான் ஓடுகின்றன. அதனால் எனக்கு இந்த ‘முதலில் வீடு, பிறகு ஊர்’ கணக்கு ஒட்டவில்லை. லுத்தரன் ஒருவரை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வயது பதினெட்டு. பக்கத்து வீட்டு உம்மா கையால் பிரியாணி சாப்பிடத் தொடங்கியது பல் முளைப்பதற்கு முன்பே.

ரோமிலும் இந்த வரிசை இருக்கவில்லை. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை 1964 நவம்பர் 21-இல் வெளியிட்டது. மற்ற மதங்களைப் பற்றிய அறிக்கை 1965 அக்டோபர் 28-இல் வந்தது. நடுவில் ஒரு வருடம்கூட இல்லை. இந்த இரண்டாவது அறிக்கையை எழுதித் தந்தது எந்த அலுவலகம் தெரியுமா? கர்தினால் பெயா தலைமையில், 1960-இல் அருளப்பர் என்று நாம் அப்போது சொன்ன 23-ஆம் ஜான் பாப்பரசர் தொடங்கிய கிறிஸ்தவ ஒன்றிப்புச் செயலகம்தான். முதலில் யூதர்களைப் பற்றி மட்டும் எழுதுவதாக இருந்து, பிறகு இஸ்லாமும் இந்து, பௌத்த சமயங்களும் உள்ளே வந்தன. வீட்டுச் சண்டைக்குப் போட்ட மேசையிலேயே ஊர்ப் பேச்சும் நடந்திருக்கிறது.

ஜனவரி 20

நேற்று எழுதாமல் விட்டது. ஒன்றிப்புக்கான செப வாரம் ஜனவரி 18 முதல் 25 வரை. சனிக்கிழமை மாலை இங்கே ஒரு கூட்டு வழிபாடு. நானும் மனைவியும் போயிருந்தோம். பாட்டு நன்றாகப் போயிற்று, வாசகம் போயிற்று. “ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தைச் சேர்ந்து சொல்வோம்” என்றார் நடத்தியவர். அங்கே உடைந்தது.

பாதிப் பேர் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்க, மீதிப் பேர் “எங்கள் தந்தையே” என்றோம். அவர்கள் “உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக”, நாங்கள் “உமது பெயர் தூயது எனப் போற்றப்பெறுக”. இரண்டு ரயில் இரண்டு தண்டவாளத்தில் காட்பாடி ஜங்ஷனுக்குள் நுழைவது போல ஒரு இரைச்சல். நாங்கள் “விடுவித்தருளும்” என்று சொல்லி முடித்துவிட்டோம். என் பின்னால் இருந்த பெரியவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். முன்வரிசையோ “ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே” என்று இன்னும் போய்க்கொண்டிருந்தது. அவர் பையோடு அரைகுறையாகக் குனிந்து நின்றார். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மனைவி என் முழங்கையில் இடித்துச் சிரித்தாள்.

அந்தச் செபத்துக்கே நமக்குள் ஒரே பெயர் இல்லை. எங்களுக்குப் பரலோக மந்திரம், அவர்களுக்குப் பரமண்டல ஜெபம். நாங்கள் ‘ஒன்றிப்பு’ என்போம், அவர்கள் ‘ஐக்கியம்’ என்பார்கள். ஒன்றாவதைச் சொல்லவே இரண்டு சொல் வைத்திருக்கும் ஆட்கள் நாம்.

அதே நாள், பின்னிரவு

ஒரு ஃபாதர் திருத்தினார்: “ராஜ்யமும் வல்லமையும்” கத்தோலிக்கருக்கு அன்னியம் இல்லை. பூசையில் பரலோக மந்திரம் முடிந்ததும் குருவானவர் ஒரு சிறு செபம் சொல்கிறார், அதற்குப் பதிலாக மக்கள் ஏறக்குறைய அதே வரியைத்தான் சொல்கிறார்கள். சரிதான். வாரம் தவறாமல் சொல்லியும் இரண்டும் ஒன்று என்று எனக்கு உறைக்கவில்லை. மஞ்சள் பைப் பெரியவரைக் கிண்டல் செய்த பாவமும் சேர்ந்தது.

ஜனவரி 23

“ஒன்றிப்பு என்பது மேடைப் பேச்சு, எங்கும் நடந்ததில்லை” என்று ஒருவர். நடந்திருக்கிறது, நம் மண்ணில்தான். 1919-இல் தரங்கம்பாடியில் கூடிப் பேசத் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர் தோர்ணக்கல் பேராயர் அசரியா. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே 1908-இல் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் ஒரே சபையாக, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் சி.எஸ்.ஐ. பிறந்தது. இருபத்தெட்டு வருடப் பேச்சு. அசரியா 1945 புத்தாண்டு அன்றே போய்விட்டார், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. சண்டை பெரும்பாலும் எதைப் பற்றி? பேராயர் கை வைத்து அபிஷேகம் பெறாத போதகர் கொடுக்கும் திருவிருந்து செல்லுமா என்பது பற்றி. கத்தோலிக்கருக்கும் அவர்களுக்கும் இன்றும் அதுதான் முட்டுக்கட்டை.

வேலூர்ப் பக்கத்து சி.எஸ்.ஐ. பெரும்பாலும் ஆற்காடு மிஷன் வழி வந்தது. 1853-இல் ஸ்கட்டர் சகோதரர்கள் தொடங்கியது; அமெரிக்க ரிஃபார்ம்டு சபையார். அந்தக் குடும்பத்துப் பெண்தான் ஐடா ஸ்கட்டர். 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்று ஊரே ‘சி.எம்.சி.’ என்று சொல்லும் ஆஸ்பத்திரி. ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்து, பிரசவத்துக்குப் பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்டுத் திரும்பிய கதை வேலூரில் எல்லோருக்கும் தெரியும். அந்த வீடுகளில் ஒன்று பிராமண வீடு, ஒன்று முஸ்லிம் வீடு. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பல்சமய உரையாடல் என்ற சொல்லே பிறக்காத காலம் அது.

ஆம்பூர்க்காரருக்கு ஒரு கொசுறு: உங்கள் ஊர் லுத்தரன்கள் சி.எஸ்.ஐ.யில் சேரவில்லை. லுத்தரன் உலக ஐக்கியமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில், விசுவாசத்தால் நீதிமானாவது பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. லுத்தர் எதற்காகப் பிரிந்தாரோ அதே விஷயம். ஆனால் ஆம்பூர்ப் பக்கம் மிஷனரி அனுப்பிய அமெரிக்க லுத்தரன் அமைப்பான மிசௌரி சினாட் அதை ஏற்கவில்லை. ஆக வீட்டுச் சண்டையில் உங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு.

ஜனவரி 28

ஒரு ஜோக். நடந்தது.

கூட்டுக் கிறிஸ்துமஸ் விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்தேன். சி.எஸ்.ஐ. பிஷப்பை அவர்கள் வழக்கப்படி ‘பேராயர்’ என்றும், எங்கள் பிஷப்பை எங்கள் வழக்கப்படி ‘ஆயர்’ என்றும் போட்டேன். இரண்டுமே சரி. மாட்டிய அன்று மாலையே எங்கள் பங்குக் கோயில் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்துவிட்டார். “நம்ம ஆண்டவரை ஏன்யா ஒரு படி இறக்கிட்டே?” ஆயரை ‘ஆண்டவர்’ என்பது எங்கள் வழக்கம். கத்தோலிக்கரிடம் பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யில் பேராயர் என்றால் பிஷப், ஆயர் என்றால் சாதாரண போதகர். இதை அவருக்கு விளக்க ஒரு டீயும் அரை மணி நேரமும் ஆயிற்று. போகும்போது சொன்னார்: “இருந்தாலும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி போட்டிருக்கலாம்.”

பிப்ரவரி 9

சொல் பற்றி இன்னொன்று. இது ஜோக் இல்லை.

அச்சகக்காரனுக்கு மதம் தெரிவது சாவு போஸ்டரில்தான். கத்தோலிக்கர் என்றால் ‘இறைவனில் இளைப்பாறினார்’. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்றால் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. இந்துக்களுக்கு ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘சிவலோகப் பிராப்தி’. முஸ்லிம் வீட்டுக்கு ‘வஃபாத்’, மேலே இன்னாலில்லாஹி. கம்ப்யூட்டரில் தனித்தனி ஃபைலாக வைத்திருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு அழுதுகொண்டு வருகிறவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு ராத்திரி அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அப்பா இறந்துவிட்டார். அண்ணன் கத்தோலிக்கர். தம்பி பெந்தெகொஸ்தேவில் சேர்ந்து, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். ப்ரூஃப் காட்டினேன், ‘இறைவனில் இளைப்பாறினார்’. தம்பி, “இது வேண்டாம் சார், கர்த்தருக்குள் என்று போடுங்க” என்றார். அண்ணன், “அப்பா கடைசி வரைக்கும் பூசைக்குப் போனவர். அவஸ்தைப்பூசுதல் வாங்கித்தான் போனார்” என்றார். சாகும் தறுவாயில் குருவானவர் எண்ணெய் பூசும் சடங்கு அது. குரல் ஏறியது. ஃப்ரீசர் பெட்டிக்கு ஆள் வேறு போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் மாற்றி மாற்றி அடித்துக் காட்டுகிறேன், இரண்டு பேரும் தலையாட்டுகிறார்கள், வேறு வேறு வரிக்கு.

பாய் அதுவரைக்கும் பேசவில்லை. பேப்பர் கட்டை எண்ணிக்கொண்டே சொன்னார்: “காலமானார்னு போடுங்கண்ணே.”

இரண்டு பேரும் அடங்கிவிட்டார்கள். ‘காலமானார்’ என்றே 200 போஸ்டர் ஓட்டினோம். அன்றைக்குப் பாயின் புத்தியை நினைத்து எனக்கு ஒரே பெருமை. ஆம்பூர்க்காரருக்கு என் பதில் இதுதான்: வீட்டுச் சண்டையைத் தீர்த்தவர் ஊரிலிருந்து வந்தார்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியது ரொம்ப இனிப்பாகிவிட்டது. காலையில் படித்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை.

‘காலமானார்’ என்பதில் என்ன இருக்கிறது? உயிர்ப்பு இல்லை, கர்த்தர் இல்லை, இளைப்பாறுதலும் இல்லை. அண்ணன் நம்புவதும் இல்லை, தம்பி நம்புவதும் இல்லை. யாருக்கும் வலிக்காத சொல்லைத் தேடிப் போனால் யாருடையதும் அல்லாத சொல்தான் கிடைக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு அது போதும். 1965-இலிருந்து அறுபது வருடம் நடக்கும் உரையாடலுக்கு அது போதுமா? இதை யோசிக்க வேண்டும்.

பொது மொழிபெயர்ப்பும் இந்தப் பாடுதான் பட்டது. 1995-இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து திருவிவிலியத்தைக் கொண்டுவந்தார்கள். கர்த்தர் என்பதற்கு ‘ஆண்டவர்’, தேவன் என்பதற்கு ‘கடவுள்’, பரிசுத்த ஆவி என்பதற்கு ‘தூய ஆவி’. நல்ல தமிழ், நல்ல உழைப்பு. கத்தோலிக்கர் அதைப் பூசையில் வாசிக்கிறோம். என் மனைவியின் கோயிலில் இன்னும் பழைய பைபிள்தான். கல்யாணக் கார்டுக்கு வசனம் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “எந்த பைபிள்?” சங்கீதம் 127 என்றால் அவர்களுக்குப் புரியும். திருப்பாடல் 127 என்றால் எங்களுக்குப் புரியும்.

பிப்ரவரி 12

அம்மாவிடம் பரலோக மந்திரத்தைச் சொல்லச் சொன்னேன். எண்பத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவர். கண்ணை மூடிக்கொண்டு, “பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக, உம்முடைய இராச்சியம் வருக” என்று போனார். வத்திக்கான் சங்கத்துக்கு முந்தைய கத்தோலிக்கச் செபம். அதில் சில சொற்களை மாற்றினால் என் மனைவியின் ஜெபம்!

அதாவது, பிராட்டஸ்டன்டுகளைப் ‘பதிதர்’ என்று நாங்கள் ஏசிக்கொண்டிருந்த காலத்தில் செபம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்திருக்கிறது. ‘பிரிந்த சகோதரர்கள்’ என்று சங்கம் அன்பாகக் கூப்பிட்ட பிறகு, பூசை தமிழுக்கு வந்து, தமிழும் தனித்தமிழ்ப் பக்கம் சாய்ந்து, பிதா தந்தையாகி, நாமம் பெயராகி, நாங்கள் தள்ளிப் போய்விட்டோம். மனசு நெருங்க நெருங்க வாய் விலகியிருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. ‘உமது பெயர் தூயது எனப் போற்றப்பெறுக’ எனக்கும் பிடித்த வரிதான்.

பிப்ரவரி 23

கலப்புத் திருமணம் பற்றிக் கேட்கிறார்கள். எங்களுடையது 1994. நடைமுறை இதுதான்: சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது, மறுபடி கொடுப்பதில்லை. அதனால் ஆயரிடம் வாங்க வேண்டியது அனுமதி மட்டும். ஞானஸ்நானம் பெறாதவரைக் கட்டினால் அனுமதி போதாது, விலக்கு வேண்டும். மணமக்களில் கத்தோலிக்கராக இருப்பவர், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். 1970-க்கு முன்பு எதிர்த்தரப்பும் அப்படி வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, இப்போது தெரிவித்தால் போதும். பெண் வீட்டுக் கோயிலில் தாலி கட்டுவதானால் அதற்குத் தனியாக ஆயரின் விலக்கு. எனக்கு இதற்கெல்லாம் மூன்று மாதம் ஆயிற்று. ஒரு அலுவலகத்தில் என் தாளைத் தொலைத்துவிட்டு, நான் கொடுக்கவே இல்லை என்றார்கள். அப்போது நொந்துகொண்டதை இங்கே விரிக்க வேண்டாம்.

மாமா, அதாவது மனைவியின் அப்பா, ராணிப்பேட்டைக்காரர், சபை மூப்பர். திருவிருந்தைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டார்: “என் பொண்ணு உங்க கோயில்ல நற்கருணை வாங்கலாமா?” இல்லை என்றேன். “நீங்க எங்க கோயில்ல வாங்கலாமா?” அதற்கும் இல்லை என்றேன். அவர் சற்று நேரம் தாம்பூலத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப கல்யாணச் சாப்பாடு மட்டும் ஒண்ணாச் சாப்பிடலாம்” என்றார். கோபமா கிண்டலா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

முப்பது வருடமாக இப்படித்தான். எங்கள் கோயிலில் நற்கருணைக்கு நான் வரிசையில் போவேன், பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். சின்னப் பிள்ளைகள் அவள் முழங்காலைத் தாண்டி வெளியே போவார்கள். அவள் கோயிலில் நான் உட்கார்ந்திருப்பேன். அங்கே என்னைத் தடுப்பவர் யாருமில்லை, தடுப்பது என் திருச்சபைதான். சரி, ஒப்புக்கொண்டு வந்த சட்டம். ஆனால் ஒன்றிப்பு பற்றி யாராவது மேடையில் பேசும்போது எனக்குத் தெரிவது அந்த மூன்றாவது பெஞ்சுதான்.

மார்ச் 7, வெள்ளி

இந்த வருடம் ரமலான் நோன்பு 2-ஆம் தேதி, எங்கள் நாற்பது நாள் நோன்பைத் தொடங்கும் சாம்பல் புதன் 5-ஆம் தேதி. இரண்டு நோன்பும் ஒன்றாக ஓடுகின்றன. பாய் எச்சிலைக்கூட விழுங்காமல் மெஷினில் நிற்கிறார். நான் பேப்பர் ரேக்குக்குப் பின்னால் போய் டீ குடிக்கிறேன். பார்த்துவிட்டார்.

“உங்க நோம்புல டீ குடிக்கலாமாண்ணே?”

சொன்னேன்: எங்களுக்குக் கட்டாய ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு, வருடத்தில் இரண்டே நாள், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். மற்ற வெள்ளிகளில் சுத்தபோசனம், கறி கிடையாது. அவர் யோசித்தார். “நாற்பது நாள்ல ரெண்டு நாளா?” அந்த “ஆ”வில் எவ்வளவு மார்க்கு குறைந்தது என்று எனக்குத்தான் தெரியும். என் மனைவியின் கோயிலில் ‘லெந்து நாட்கள்’ என்பார்கள், அங்கே அதுவும் அவரவர் விருப்பம். அதைப் பாயிடம் சொல்லவில்லை. வீட்டு மானம்.

சாயங்காலம் மசூதியிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வந்தது. வெள்ளிக்கிழமை. “கறி போட்டதா?” என்று கேட்டேன். “உங்களுக்காகக் கேட்டுட்டுத்தான் வாங்கினேன், இன்னைக்கு வெறும் கஞ்சி” என்றார். 1967-இலிருந்து ஆண்டுதோறும் ரமலானுக்கு வத்திக்கானிலிருந்து முஸ்லிம்களுக்கு வாழ்த்துச் செய்தி போகிறது. என் கடையில் செய்தி எதிர்ப்பக்கமாக, தூக்குவாளியில் வருகிறது.

மார்ச் 18

சத்துவாச்சாரி நண்பர், இந்து, நேராகக் கேட்டுவிட்டார்: “உரையாடல் என்பது மதமாற்றத்துக்குப் போட்ட முன்பந்தல்தானே?”

மழுப்ப மாட்டேன். 1991-இல் வத்திக்கான் வெளியிட்ட ‘உரையாடலும் அறிவிப்பும்’ என்ற ஏடு, தலைப்பிலேயே இரண்டையும் வைத்திருக்கிறது. உரையாடல் தன்னளவில் நல்லது, ஆள் பிடிக்கும் தந்திரம் அல்ல என்கிறது. கிறிஸ்துவை அறிவிப்பதையும் விடமாட்டோம் என்கிறது. 2000-இல் வத்திக்கானிலிருந்து வந்த ‘தோமினுஸ் ஏசுஸ்’ என்ற ஏடு இன்னும் கறாராகப் பேசியது. மீட்பர் கிறிஸ்து ஒருவரே என்றது மட்டுமல்ல, பிராட்டஸ்டன்ட் சபைகளை முறையான அர்த்தத்தில் திருச்சபைகள் என்று சொல்ல முடியாது என்றும் எழுதியது. என் மாமா அதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆக சந்தேகப்படுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, அவருக்கும் இருந்தது.

அந்தச் சந்தேகம் எவ்வளவு பழையது என்பதற்கு நம் வேலூர்க் கோட்டையே சாட்சி. 1806 ஜூலை 10. நெற்றியில் குறி இடாதே, தாடி வைக்காதே, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று சிப்பாய்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தது. நம்மைக் கிறிஸ்தவனாக்கப் பார்க்கிறார்கள் என்று இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்து எழுந்தார்கள். பார்த்தால் வேலூரின் முதல் பல்சமய ஒற்றுமை எங்களுக்கு எதிராக நடந்ததுதான்!

அதே கோட்டைக்குள் கோயில், மசூதி, 1846-இல் கட்டிய தேவாலயம் மூன்றும் இருப்பதைச் சுற்றுலா நோட்டீசில் ‘மத நல்லிணக்கச் சின்னம்’ என்று நானே அச்சடித்திருக்கிறேன். ஆனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நீண்ட காலம் மூலவர் இல்லாமல் கிடந்தது. 1981 மார்ச்சில் உங்கள் சத்துவாச்சாரியிலிருந்துதான் லிங்கம் வந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. மசூதியில் இன்றும் தொழுகை இல்லை. மூன்று கட்டடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நல்லிணக்கம் ஆகிவிடுமா என்று அந்த நோட்டீசை அடிக்கும்போது தோன்றவில்லை.

மார்ச் 19

திருத்தம்: ‘முதல் பல்சமய ஒற்றுமை’ என்றது வாய்க்கொழுப்பு. அதே வரியில் ‘எங்களுக்கு எதிராக’ என்று எழுதியதையும் நண்பர் சுட்டினார். சிப்பாய்கள் எழுந்தது கம்பெனிக்கு எதிராக. நான் எப்போது கம்பெனி ஆனேன்? சரியான கேள்வி.

திருப்பத்தூரை ஏன் விட்டேன் என்று இன்னொருவர். விட்டிருக்கக் கூடாது. 1921-இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கிய இரண்டு டாக்டர்கள், ஒருவர் தமிழர் சவரிராயன் ஏசுதாசன், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர் ஃபாரஸ்டர் பேட்டன். ஊருக்குப் பெரியண்ணன், சின்னண்ணன். காவி, கதர், கோபுரம் வைத்த ஜெபாலயம். சின்ன வயதில் அப்பா கூட்டிப் போனபோது கோயில் என்று நினைத்துச் செருப்பைத் தெருவிலேயே விட்டேன். கத்தோலிக்கர் பக்கம், பிரெஞ்சுத் துறவி அபிஷிக்தானந்தர் 1949-இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் பார்த்து, பிற்பாடு மலைக் குகைகளில் தங்கியிருந்தார். அப்போது அதுவும் வட ஆற்காடுதான். இவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனாலும் காவி கட்டிய கிறிஸ்தவரைப் பார்த்து எங்கள் ஊர் கிறிஸ்தவர்கள் முகம் சுளித்தார்கள், இந்துக்களில் சிலர் வேஷம் என்றார்கள்.

ஏப்ரல் 3

சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியதற்கு மூன்று நாளாகப் பதில் எழுதவில்லை. “நீங்கள் பேசும் பிரிவெல்லாம் கோட்பாட்டுப் பிரிவு. எங்கள் ஊரில் ஒரே பங்குக் கோயில், ஒரே நற்கருணை, சாதி பார்த்து இரண்டு கல்லறை. அதைப் பற்றி ஏன் ஒரு வரி இல்லை?”

ஏன் இல்லை என்றால், என் அம்மாவின் ஊரிலும் அதே கதை. ஊர்ப் பெயர் வேண்டாம். திருவிழாத் தேர் சில தெருக்களுக்குப் போகாது. நான் சிறுவனாக இருந்தபோது, தேர் வரும் தெருவில்தான் எங்கள் வீடு. திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தேர் திரும்பும் முனையில் எதிர்ச்சாரியில் கூட்டமாகச் சனம் நிற்கும். அவர்கள் ஏன் அங்கேயே நிற்கிறார்கள் என்று அப்போது கேட்கவில்லை. கேட்காமலே பதில் தெரிந்திருந்தது என்பதுதான் வெட்கம்.

2013-ஆம் ஆண்டு செப வாரத்துக்கான வழிபாட்டை உலகம் முழுவதற்கும் தயாரித்துக் கொடுத்தது இந்தியாவின் மாணவர் கிறிஸ்தவ இயக்கம். தலித்துகளை மையமாக வைத்து, மீக்கா 6-ஐ எடுத்துக்கொண்டார்கள்: கடவுள் நம்மிடம் கேட்பது என்ன? சபைகள் நிஜமாகவே ஒரே குரலில் பேசும் ஒரு இடமும் இங்கேதான் இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதியின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக எல்லாச் சபையும் சேர்ந்து அனுசரிக்கின்றன. கறுப்புக் கொடி நோட்டீசில் ஆயரும் பேராயரும் ஒரே வரியில் வருகிறார்கள், யாரும் சண்டைக்கு வருவதில்லை. அரசாங்கத்திடம் கேட்கும்போது ஒன்றாகிவிடுகிறோம். கல்லறைச் சுவரை இடிக்கத்தான் ஆள் சேரவில்லை.

ஏப்ரல் 19, பெரிய சனி

நேற்று கடை அரை நாள். பெரிய வெள்ளி. பாய் புறப்படும்போது ஒன்று கேட்டார், இருபது வருடத்தில் முதல்முறை. “அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? ஈஸா நபியை அவங்க சிலுவையில அறையல. அல்லாஹ் உயர்த்திக்கிட்டான். எங்களுக்கு அப்படித்தான்.”

தெரியும் பாய் என்றேன். “எங்களுக்கு அறைஞ்சதுதான் எல்லாமே. அது இல்லேன்னா நான் இன்னைக்குக் கோயிலுக்கே போக வேண்டாம்.”

“ஆமாம்ல” என்றார். இரண்டு பேரும் கட்டிங் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அவர், “வெயில்ல போறீங்க, தொப்பி போட்டுக்கங்க” என்றார்.

இதற்கு ‘காலமானார்’ மாதிரி ஒரு சொல் கிடையாது. தேடவும் இல்லை.

ஏப்ரல் 23

பாப்பரசர் பிரான்சிஸ் திங்களன்று, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், இறந்தார். 2016-இல் ஸ்வீடனின் லுந்து நகருக்குப் போய் லுத்தரன்களோடு சேர்ந்து ஜெபித்தவர், 2019-இல் அபுதாபியில் எகிப்தின் அல்-அஸ்ஹர் தலைமை இமாமோடு மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டவர். இரண்டு நாளாக அஞ்சலி ஃப்ளெக்ஸ்தான் வேலை. தோல் வியாபாரம் செய்யும் மேல்விஷாரத்து பாய் ஒருவரும் ஒன்று கேட்டார். என்ன வாசகம் போடட்டும் என்றேன், பொதுவாக ‘மறைந்தார்’ என்று போடட்டுமா?

“வேண்டாங்க. அவங்க ஆளுங்க என்ன போடுவாங்களோ அதையே போடுங்க.”

‘இறைவனில் இளைப்பாறினார்’ என்று அடித்தேன். கீழே அவர் கடைப் பெயர்.

மே 14

நீண்ட நாளாக எழுதவில்லை. மாமியார் இறந்துவிட்டார்.

போஸ்டரை நானே அடித்தேன். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. ப்ரூஃப் யாரிடமும் காட்டவில்லை. ராணிப்பேட்டையில் அடக்கம். எங்கள் பக்கத்து உறவும் வந்திருந்தது. அம்மாவையும் நாற்காலியோடு தூக்கி வந்து குழிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். ஐயர், அதாவது சி.எஸ்.ஐ. போதகர், பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினார். நாங்கள் நாலைந்து கத்தோலிக்கர் வழக்கம்போல வேறு தண்டவாளத்தில் ஏறி, முதல் வரியிலேயே குரல் இறங்கி, உதட்டை மட்டும் அசைத்தோம். அம்மா மட்டும் சத்தமாக, அவர்களோடு சேர்ந்தே போனார். ‘அர்ச்சிக்கப்படுவதாக’ போல அங்கங்கே தட்டியது, அவ்வளவுதான். கடைசியில் அம்மா நிறுத்திவிட்டார், அவர்கள் நிறுத்தவில்லை. அம்மா கூப்பிய கையை இறக்காமல் அவர்கள் முடிக்கும் வரை காத்திருந்து, அவர்கள் ஆமெனோடு தன் ஆமெனைச் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டார்: “கடைசியில என்னவோ நீட்டிச் சொன்னாங்களே, அதை எழுதிக் குடு. பெரிய எழுத்துல.”

மறுநாள் 24 பாயிண்டில் ஒரு அட்டையில் எடுத்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். சிவப்புப் பேனா கேட்டார். ‘உம்முடையவைகளே’யில் ‘கள்’ளை அடித்துவிட்டு, “அவைன்னாலே பன்மைதான். இதை இத்தனை வருஷமா யாரும் திருத்தலையா?” என்கிறார்.